கடிகாரத்துக்கு மேலே நின்ற கோடு

நான் யாரையும் சும்மா புகழ்கிறவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சுவர் சுரண்டும் தகட்டைக் கையில் பிடித்தவன். இன்றைக்கு என் பெயர் எழுதிய இரண்டு வேன்கள் தெருவில் நிற்கின்றன. என் ஆட்கள் பெயின்ட் அடித்த சுவரில் ஒருமுறையாவது சாயாதவன் இந்த ஊரில் இருக்க முடியாது. இதையெல்லாம் என் வாயால் நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லப் போகிறான்? அப்படிப்பட்ட நானே ஒருத்தனைப் பார்த்து, 'இது நம்மால் ஆகாதப்பா' என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டேன் என்றால், அந்த ஆளைப் பற்றி நாலு பேருக்குத் தெரியத்தான் வேண்டும்.

அவன் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஊருக்கு அவன் பெயர் கொக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். உடம்பில் முக்கால் பங்கு காலாகவே போய்விட்டது. மிச்சமிருந்ததில் கழுத்தும் மூக்கும் போக மற்றவற்றுக்கு இடமில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவன் சைக்கிளை விட்டு இறங்கியதைப் பார்த்து என் மனைவி, "இந்த ஆளுக்குப் பேன்ட் தைக்க ஒரு கட்டுத் துணி வேணுமே" என்றாள். அந்தக் கால்தான் பிறகு எங்கள் தொழிலுக்கே பெருமை சேர்த்தது.

எங்கள் வேலையில் ஒரு வித்தை உண்டு. உயரமான சுவருக்கு இரட்டை ஏணி போடுவோம். கூரைச் சரிவு மாதிரி இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கும் ஏணி. அதன் உச்சியில் குதிரை மேல் உட்காருவது போல இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் போட்டு உட்கார்ந்துவிட்டால், ஒரு கை தூரம் அடித்து முடித்ததும் கீழே இறங்கத் தேவையில்லை. தொடையால் ஏணியை இறுக்கிப் பிடித்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கத்தைத் தூக்கி வைக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம். ஏணி நடக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கி, ஏணியைத் தள்ளி வைத்து, மறுபடி ஏறுகிறவனை எங்கள் ஆட்கள் "தவழுறவன்" என்பார்கள். புதிதாக வந்தவனுக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் வைத்த பெயர் அது.

நான் நடத்தாத ஏணியா? ஆனால் என் ஏணி நடந்தால் தரை அதிரும். கொக்கு நடத்தினால் சத்தமே வராது. பாதி வேலையில் பார்ப்போம், அந்த மூலையில் இருந்தவன் இந்த மூலையில் இருப்பான். கையில் பிரஷ் நின்றிருக்காது.

பழைய நூலகத்தின் வாசிப்புக் கூடத்தை எங்களுக்குக் கொடுத்தார்கள். நான் கேட்டால் கொடுக்காமல் இருப்பார்களா? நீளமான கூடம், உயரமான சன்னல்கள், நடுச் சுவரில் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம். சுவரும் மேற்கூரையும் சேருமிடத்துக்குக் கொஞ்சம் கீழே, கூடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கரும்பச்சைக் கோடு ஒன்று ஓட வேண்டும். முன்பு இருந்ததாம், பழைய படத்தில் பார்த்துவிட்டு நூலகர் கேட்டார். டேப் ஒட்டி அடிக்கலாம் என்றால் அந்தக் கிழட்டுச் சுவரில் டேப்பை உரிக்கும்போது பூச்சும் கூடவே வரும். பொடி தடவிய நூலைச் சுண்டி அடையாளம் போட்டு, அதன் மேல் வெறும் கையால்தான் இழுக்க வேண்டும். இதில் இன்னொன்று. கோடு என்றால் ஒரே கை. ஒருவன் பாதியும் இன்னொருவன் பாதியும் இழுத்தால், கிழிந்த சட்டையில் வேறு நூல் போட்டுத் தைத்த மாதிரி காட்டிக்கொடுத்துவிடும்.

கொக்கு ஏறினான். வாசல் மூலையில் தொடங்கி, ஒரு சுவர் முடித்து, அடுத்ததில் நடந்துகொண்டிருந்தான். நடக்கிற ஏணிக்குக் கயிறு கட்ட மாட்டோம். இரண்டு பக்கத்தையும் கயிறு பிடித்துக்கொண்டால் ஏணி எப்படி நடக்கும்? மேலே இருப்பவன் கீழேயும் பார்க்க மாட்டான். கண் கோட்டில் இருக்கும். தரையில் நாங்கள் விரித்திருந்த துணி கடிகாரத்துக்கு நேராக முடிந்திருக்கிறது. அதற்கு அப்பால் அன்று காலையில் யாரோ புண்ணியவான் தரைக்கு மெழுகு போட்டுத் தேய்த்திருக்கிறான். ஏணியின் ஒரு கால் துணியைத் தாண்டியது. வழுக்கிக்கொண்டு போனது.

வேறு எவனாவது என்றால் ஏணி அகன்று, ஆள் பொத்தென்று விழுந்து, சுவரெல்லாம் பச்சை ஆகியிருக்கும். இவன் இரண்டு தொடையாலும் ஏணியைக் கவ்விப் பிடித்து நிறுத்திவிட்டான். டப்பாவிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "அண்ணே" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஓடிப் போய் இறக்கினோம். வலது காலைத் தரையில் வைக்க முடியவில்லை.

அவனை வேனில் ஏற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கோடு கடிகாரத்துக்கு நேர் மேலே நின்றிருந்தது. அப்பியிருக்கும், வழிந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எலி வால் மாதிரி மெலிந்து மெலிந்து, சுத்தமாக முடிந்திருந்தது. தொடைச் சதை கிழிகிற நேரத்தில் மனுஷன் பிரஷை இழுத்து முடித்துவிட்டுத்தான் அலறியிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, தொடையின் உள்பக்கத் தசை பாதி கிழிந்திருக்கிறது, அறுந்து போகவில்லை என்றார்கள். அவசரப்பட்டால் மிச்சமும் போகும். அப்புறம் காலை அகட்டி ஏணி மேல் உட்காருவதை ஆயுளுக்கும் மறந்துவிட வேண்டியதுதான் என்றார்கள்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. சோபாவில் காலை நீட்டி, ஐஸ் பொட்டலத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு கிடந்தான்.

"இதுக்கெல்லாம் ஐஸ் வைப்பாங்களா? நம்ம உருவி விடுறவர்கிட்ட வா. எண்ணெய் போட்டு ரெண்டு இழு இழுத்தார்னா நாளைக்கே எழுந்து நடப்ப. நான் மாடியிலேர்ந்து விழுந்தப்போ மறுநாளே வேலைக்கு வந்தவன் தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணே. வருஷா வருஷம் அந்த மாடி ஒசந்துகிட்டே போகுது" என்றான் கொக்கு.

கொழுந்தியாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தான், கிழிஞ்ச துணியப் புடிச்சு யாராவது இழுப்பாங்களா? தையல்காரி நான் சொல்றேன், கிழிசல் பெருசாத்தான் ஆகும்."

"நல்லா கேளு. என் காலு, என் பாடுன்னு விட மாட்டேங்கிறாரு" என்றான் கொக்கு.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் பகல்ல உக்காந்து நான் பாத்ததில்ல. இப்பத்தான் மூஞ்சியையே சரியாப் பாக்குறேன். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள். சொன்னது கேலி, ஆனால் கையிலிருந்த கரண்டி அசையாமல் நின்றது.

ரத்தம் கட்டிய நீலம் தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. அடுத்த தடவை போனபோது அது பச்சையாகியிருந்தது. பிறகு ஓரத்தில் மஞ்சள். கொக்கு வேட்டியை ஒதுக்கிக் காட்டினான். "இந்தப் பச்ச நம்ம ஷேடு கார்டுல இல்லையே அண்ணே. கம்பெனிக்காரன்கிட்ட காட்டலாமா?" வலியோடு இருக்கிறவன் பேசுகிற பேச்சா இது?

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறையில் ஒரு பிசியோதெரபி அம்மா இருந்தார். குட்டையான ஆள், கட்டையான முடி, காதில் எந்நேரமும் ஒரு பேனா. நாங்கள் டாக்டரம்மா என்றால், "டாக்டர் இல்லைங்க" என்பார்.

"எங்களுக்கு வலிய எடுக்கிறவங்க எல்லாரும் டாக்டர்தாம்மா" என்றேன் நான்.

கொக்கைப் படுக்க வைத்து, முழங்கால் இரண்டையும் மடக்கச் சொல்லி, நடுவில் தன் கை முஷ்டியை வைத்து, "அமுக்குங்க" என்றார். கொக்கு அமுக்கினான். பூ அமுங்காது அந்த அமுக்கலுக்கு. முகம் மட்டும் பிழிந்த துணி மாதிரி ஆனது.

"போதும், போதும். என்ன வேலை பாக்குறீங்க?"

"ஏணி நடத்துறதுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஏணியில் ஏறுவது தெரியும், ஏணி எங்கே நடக்கும் என்றார். வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. வேனிலிருந்து ஏணியை இறக்கி மாடிக்குக் கொண்டு வந்துவிட்டேன். எழுபதைத் தாண்டியவன் நான். ஏறி உட்கார்ந்து, எடை பார்க்கும் மெஷினிலிருந்து சன்னல் வரைக்கும் நடத்திக் காட்டினேன். காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மா குந்தி உட்கார்ந்து என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, பிரமாதம். இறங்கிடுங்க, எனக்கு வேலையக் கூட்டிடாதீங்க" என்றார். பிறகு கொக்கு பக்கம் திரும்பினார். "இப்பப் புரியுது. இவ்வளவு வேலையும் செய்றது அந்த ஒரு தசைதான். நடக்க வைக்கிறது எனக்குப் பெரிய விஷயமில்ல. உங்களுக்கு அது பத்தாது. ஏணிக்குத் தகுந்த மாதிரி தேத்தணும். பொறுமை இருக்கா?"

"கொக்குன்னு பேரு வச்சிருக்காங்க" என்றான் அவன்.

அதற்கப்புறம் அவன் செய்ததைத்தான் நான் ஊருக்குச் சொல்கிறேன். முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்து. அதை மெதுவாக அமுக்கு, விடு. அமுக்கு, விடு. இதுதான் சிகிச்சை. என்னை அப்படி உட்கார வைத்திருந்தால் பந்தை சன்னல் வழியே எறிந்திருப்பேன். இவன் பெயின்ட் கலக்குகிற நிதானத்தில் செய்தான். வலி ஒரு இடத்தில் நின்றால் அவனும் அங்கேயே நின்றான். அதைத் தாண்டி வீம்புக்கு ஒரு இம்மி போகவில்லை. பிறகு ஒரு காலின் கீழே துணி போட்டு, வழுவழுத் தரையில் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி இழுக்க வேண்டும்.

"எந்தத் தரை காலை வாரிச்சோ அதே மாதிரி தரையில பழக்குறாங்க அண்ணே" என்று சிரித்தான். கொழுந்தியாளுக்கு வீடு துடைக்கிற வேலை மிச்சம்.

இதற்கிடையில் நூலகர் கூடத்தைத் திறந்துவிட்டார். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எத்தனை நாள் படிக்கட்டில் உட்காருவார்கள்? மேசை நாற்காலி எல்லாம் போட்டாகிவிட்டது. மேலே கோடு மட்டும் கடிகாரம் வரைக்கும் வந்து நின்றது. மணி பார்க்க நிமிர்ந்தவர்கள் எல்லாரும் கோட்டையும் பார்த்தார்கள். 'இது ஏன் பாதியில் நிற்கிறது' என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள் என்று நூலகர் எனக்குப் போன் செய்தார். நல்ல மனுஷர், கோபப்படத் தெரியாது. ஆனாலும், "விழா வைக்கணும்னு மேலிடத்தில தேதி குறிச்சுட்டாங்க. அதுக்கு முன்னால முடிஞ்சிடணும்" என்றார்.

என்னிடம் இன்னொரு கை இருந்தது. புல்லட் என்று பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனால் வேகத்தில் இன்னும் காளைக்கன்று. "குடுங்க முதலாளி, ஒரே மூச்சுல இழுத்துடுறேன்" என்று தினமும் நச்சரித்தான். இழுப்பான், சந்தேகமில்லை. ஆனால் கோடு ஒரே கையாக இருக்க வேண்டுமே. புல்லட் இழுப்பதென்றால் கொக்கு இழுத்ததை முழுக்க அழித்துவிட்டு வாசல் மூலையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அந்த எலி வாலும் போய்விடும்.

இதைக் கொக்கிடம் மறைக்கவில்லை. நேரே போய்ச் சொன்னேன்.

பந்தை அமுக்கிக்கொண்டே கேட்டான். "தேதி வரைக்கும் அழிக்காம வைங்க அண்ணே."

"வைக்கிறேன். அதுக்குள்ள கால் வருமா?"

"கால் வர்றப்போ வரும். கோட்ட நான் முடிக்கிறேன்."

இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. விழா நெருங்கியது. கொக்கு படி இறங்கினான், கடைக்கு நடந்தான், பஸ் ஏறினான். பார்க்கிறவனுக்கு அவன் காலில் ஒரு குறையும் தெரியாது. நான் சந்தோஷமாக அவனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். டாக்டரம்மா முஷ்டியை வைத்தார். "அமுக்குங்க." கொக்கு அமுக்கினான். முன்பை விட எவ்வளவோ மேல். ஆனால் கடைசியில் புருவம் ஒரு நூல் சுருங்கியது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"ரோட்டுக்குக் கால் ரெடி. ஏணிக்கு இல்ல" என்றார்.

"அம்மா, ஒரே ஒரு நாள்தான். ரெண்டரைச் சுவரும் ரெண்டு மூலையும். நான் கீழ நிக்கிறேன், என் பொறுப்பு" என்றேன். என் பேச்சுக்கு மசியாதவர்கள் குறைவு.

"தசை உங்க பேச்சக் கேட்டா எனக்கு ஆட்சேபணையே இல்ல பெரியவரே. ஒரு தடவ வழுக்கினா முழுசாப் போயிடும்."

கொக்கு சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "ஏறி இறங்கலாமாம்மா?" என்றான்.

"ஏறலாம், இறங்கலாம். ஏணியில நேரா நிக்கலாம். ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு உக்காரக் கூடாது, நடத்தக் கூடாது. அவ்வளவுதான்."

"அது போதும்" என்றான்.

அவன் தவழப் போகிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஆட்கள் எல்லாருக்கும் முன்னால், ஏணி நடத்துவதில் ராஜா என்று பெயர் எடுத்தவன், புதுப் பையன் மாதிரி ஏறி இறங்கப் போகிறான். "வேண்டாம்ப்பா. புல்லட்டே செய்யட்டும். உன் பேரு என்னாகும்?" என்றேன்.

"ஏணி நடந்ததுன்னு யாரு அண்ணே பாக்க வருவாங்க? கோடு நிக்கிறதத்தானே பாக்குறாங்க" என்றான்.

நூலகத்துக்கு வார விடுமுறை நாள் அது. மேசைகளை ஓரம் கட்டினோம். கடிகாரத்தைக் கழற்றி வைத்தோம். யாரையும் நான் வரச் சொல்லவில்லை, ஆனால் என் ஆட்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வேலை இருப்பது போல வந்து நின்றார்கள். கொக்கு வந்தான். ஏணியை விரித்தான். பாக்கெட்டிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, ஏணியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து இழுத்துக் கட்டினான். கட்டின ஏணி நடக்காது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

புல்லட்டுக்கு வாய் நிற்குமா? "என்னண்ணே, ஏணியக் கட்டிப் போட்டுட்டீங்க? கடிச்சிடுமா?"

"ஆமாப்பா. ஒரு தடவ கடிச்சிருச்சு" என்றான் கொக்கு. தலையைக் கூடத் திருப்பவில்லை.

ஏறினான். எலி வாலுக்குப் பக்கத்தில் பிரஷை வைத்து, அதன் மேலேயே கொஞ்ச தூரம் ஓட்டி, பிறகு வெற்றுச் சுவரில் இழுத்தான். ஒரு கை தூரம். முடிவில் மறுபடி வால். இறங்கினான். ஏணியைத் தள்ளி வைத்தான். மறுபடி ஏறினான். பிரஷ் ஓரத்தில் பெயின்ட் காய்வதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும். ஆனால் காலை அவசரப்படுத்தவும் கூடாது. இரண்டையும் எப்படிச் சமாளித்தானோ, அவன் உடம்பில் ஒரு பதற்றமும் தெரியவில்லை. முதலில் இரண்டு பேர் முழங்கையால் இடித்துச் சிரித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. ஒருத்தன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

முதல் மூலை திரும்பிய பிறகு கொக்கு இறங்கி ஏணியைப் பிடிக்கப் போனபோது, புல்லட் குறுக்கே வந்தான்.

"நகத்துறத என்கிட்ட விடுங்கண்ணே. நீங்க ஏறுங்க."

"தவழுறவனுக்கு எடுபிடியா போறியே, உன் மானம் என்னாகிறது?"

"அட, சும்மா ஏறுங்கண்ணே. காயுது."

அப்படியே இரண்டு பேருமாகப் போனார்கள். கொக்கு இறங்குவான், புல்லட் ஏணியைத் துணி மேல் பார்த்து வைப்பான், கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான், கொக்கு ஏறுவான். பச்சைக் கோடு சன்னல்களைத் தாண்டி, கடைசி மூலை திரும்பி, வாசலுக்கு மேலே வந்து, தான் தொடங்கிய இடத்திலேயே போய்ச் சேர்ந்தது. கொக்கு பிரஷை எடுத்துவிட்டு, பின்னால் சாய்ந்து ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினான். யாரும் கை தட்டவில்லை. எங்கள் தொழிலில் பெரிய வேலைக்குக் கை தட்ட மாட்டோம். பக்கத்தில் போய் நின்று பார்ப்போம்.

நான் போய்ப் பார்த்தேன். சும்மா இல்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிகாரம் இருந்த இடத்தில் ஏணி வைத்து ஏறி, மூக்கு சுவரில் படும் அளவுக்குப் பார்த்தேன். என் கண்ணுக்குத் தப்புகிற ஒட்டு இந்த ஊரில் இல்லை. அந்த எலி வால் எங்கே முடிந்தது, புதுக் கோடு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே இருந்து கொழுந்தியாள், "என்ன அத்தான், காணாமப் போனது கிடைச்சுதா?" என்றாள். அவள் எப்போது வந்தாள் என்றும் தெரியவில்லை.

நூலகர் கடிகாரத்தைத் திரும்ப மாட்டினார். விழா நடந்தது, பேசியவர்கள் பேசினார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கொக்கு பந்தை விடவில்லை. கோடு முடிந்துவிட்டது என்று காலைக் கைவிடுகிற ஆளா அவன்? ஒரு நாள் டாக்டரம்மா தன் அறைகளுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். போனோம். வேலை தொடங்குவதற்கு முன்னால் கொக்கைப் படுக்க வைத்து, முழங்காலுக்கு நடுவே முஷ்டியை வைத்தார். "அமுக்குங்க."

கொக்கு அமுக்கினான்.

"ஐயோ, விடுங்க, விடுங்க!" என்று அந்த அம்மா கையை உதறிக்கொண்டு துள்ளினார். காதிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"வலிச்சுதா டாக்டரம்மா? ஐஸ் வைக்கட்டுமா?" என்றான் கொக்கு.

கையைத் தேய்த்துக்கொண்டே அவர் சிரித்தார். "போங்க. உங்க ஏணியக் கூட்டிட்டு எங்க வேணும்னாலும் போங்க."

கொக்கு ஏணிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தான். ஏறி உட்கார்ந்து, அந்த நீளக் காலை அந்தப் பக்கம் போட்டான். ஏணி ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் எழுந்தது. சத்தமே இல்லாமல் சன்னல் பக்கம் நடந்து போனது.

சுருட்டி வைத்த கயிறு அவன் பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அது எதுக்குப்பா இன்னும்?" என்று கேட்டேன்.

மேலேயிருந்து குனிந்து, முதலில் தரையைப் பார்த்தான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"இருக்கட்டும் அண்ணே. ஏணிக்கு இன்னும் பல்லு விழல."